ஹொலிவூட்டும் ஆசிய நடிகரும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

1957 இல் வெளியான 'குவாய் நதிப் பாலம்' என்னும் திரைப்படம் இலங்கையில், கித்துல்கலையிற் படமாக்கப்பட்டமை பலரும் அறிந்ததே. அதில் யப்பானியச் சிறைமுகாமின் அதிகாரி கேணல் சைற்றோவாகத் தோன்றிய செசுயே ஹயகாவா, நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஹொலிவூட்டின் முன்னணி நடிகருள் ஒருவராக விளங்கியவர் என்பதைச் சிலரே அறிவர்.

அவரைப் புகழுக்குக் கொணர்ந்தது 1915 இல் செசில் பி. டிமில் இயக்கிய 'த சீற்' என்னும் மௌனப்படம். தன்னிடம் பணம் பெற்ற வெள்ளைப் பெண்ணின் தோளிற் சூடிட்டு, அவளைத் தன் உடைமையாக்க முயலும் யப்பானியச் செல்வனே அவர் ஏற்ற பாத்திரம். அமெரிக்காவாழ் யப்பானியர் இதனைக் கண்டித்தனர். 1918 இல் படம் மீண்டும் வெளியானபோது அச்செல்வன் பர்மிய யானைத்தந்த வணிகனாகியிருந்தான். போரில் யப்பான் நேசநாடு. பர்மாவோ பிரித்தானியக் குடியேற்றநாடு, அதன் சார்பில் ஆட்சேபிக்கத் தூதுவர் எவருமிலர். காட்சிகள் அவ்வாறேயிருக்க, எழுத்தட்டைகள் மாத்திரம் மாறின.

இத்தகைய வார்ப்புப் பாத்திரங்கள் அறியாமையின் விளைவு எனத் தாராண்மைவாத விமர்சகர் கூறுவர். ஊதியக் கணக்கை நோக்குமிடத்து இவ்விளக்கம் போதாமை புலனாகும். 1931 இல் பரமவுண்ட் நிறுவனம் தயாரித்த 'டோற்றர் ஒஃப் த டிராகன்' படத்தின் கதாநாயகி அன்னா மே வொங் பெற்றது 6,000 டொலர். ஹயகாவா பெற்றது 10,000. படத்தின் முற்பகுதியில் மாத்திரம் வந்து மறையும் வோர்னர் ஓலண்ட் 12,000 பெற்றார். ஓலண்ட் சுவீடனிற் பிறந்தவர்; ஒப்பனையாற் சீனரானவர்.

வொங், 1905 இல் லொஸ் ஏஞ்சல்சிற் சலவைக்கடை நடத்திய சீனர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். இருப்புப்பாதை அமைக்க மலிவான உழைப்பாக வரவழைக்கப்பட்ட சீனர், 1882 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் விலக்கப்பட்டிருந்த காலம் அது. சீன உழவரின் துயரைப் பரிவோடு சித்திரித்த 'த குட் ஏர்த்' (1937) படத்திலுங்கூட உழவனாகப் போல் முனியும் அவன் மனைவியாக லூயிஸ் ரெய்னரும் நடித்தனர். ரெய்னர் ஒஸ்கார் விருதும் பெற்றார். அம்மனைவி பாத்திரத்தை விரும்பிய வொங்கிற்கு முன்வைக்கப்பட்டது, குடும்பத்தைக் குலைக்கும் இரண்டாந்தாரத்தின் பாத்திரம். அவர் அதனை மறுத்தார்.

1936 இல் அவர் சீனாவுக்குச் சென்றார். அங்கும் கண்டனமே எதிர்கொண்டது: அவர் ஏற்ற பாத்திரங்கள் சீனரை இழிவுபடுத்தின என்றனர். அக்கோபம் நியாயமானதே, ஆயின் அது சென்றடைந்தது தயாரிப்பாளரையன்று. தொழிலிற் காலூன்ற முயல்பவர் பாத்திரங்களைத் தெரிந்தெடுக்க இயலாது, கிடைப்பதை ஏற்கவே வேண்டும் என்பது வொங் அளித்த விடை.