தாய்ப்பால் மீது விழுந்த சந்தேகம்

நம்ம ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பது பழைய வழக்கம். குடும்பத்துப் பெரியவர் ஒருத்தர் சர்க்கரைத் தண்ணியைத் தொட்டு நாக்கில் வைப்பார். மஞ்சளாக வரும் சீம்பாலைக் 'கெட்ட பால்'னு பீய்ச்சிக் கீழே ஊற்றிய வீடுகளும் உண்டு. அறியாமைன்னு இதைச் சுலபமாகத் தள்ளிவிடலாம். ஆனால் தாய்ப்பாலைச் சந்தேகப்பட்டதில் ஆய்வகங்களும் சளைத்தவை இல்லை.

அந்தக் கதை எலியில் தொடங்குகிறது. மார்பகப் புற்றுநோய் அதிகம் வரும் எலி இனத்தின் குட்டிகளைப் பிறந்தவுடன் வேறு இனத் தாயிடம் பால் குடிக்கவிட்டால் நோய் வெகுவாகக் குறைகிறது என்று 1936ல் அமெரிக்காவின் ஜான் பிட்னர் எழுதினார். பாலில் ஏதோ கடத்தப்படுகிறது. அது ஒரு வைரஸ் என்று பின்னால் தெரிந்தது.

அப்போ மனிதருக்கு? இந்தக் கேள்வி பம்பாய்க்கு வந்தது. அங்கே பார்சி பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் அதிகம். டான் மூர் குழுவினர் அவர்களுடைய பாலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 1971ல் 'நேச்சர்' இதழில் முடிவு வெளியானது: பார்சி பெண்களில் 39 சதவீதம் பேரின் பாலில் வைரஸ் மாதிரித் துகள்கள், குடும்பத்தில் நோய் இல்லாத அமெரிக்கப் பெண்களில் 5 சதவீதம்தான். குடும்பத்தில் இந்த நோய் இருந்தால் தாய் பால் கொடுக்கலாமா என்ற பயம் கிளம்பியது.

பயம் நிலைக்கவில்லை. தாய்ப்பால் குடித்து வளர்ந்த பெண்களுக்கு இந்த நோய் கூடுதலாக வரவில்லை. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2002ஆம் ஆண்டு 'லான்செட்' கட்டுரை, பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் தாயின் புற்றுநோய் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது என்றது.

இதற்கிடையில் வேறொரு பக்கம் செல்வெளி நுண்பைகள் பற்றிய ஆராய்ச்சி வளர்ந்தது. செல்கள் வெளியே அனுப்பும், சவ்வு போர்த்திய குட்டிப் பைகள் இவை. 1980களில் இவற்றில் ஒரு வகைக்கு எக்ஸோசோம் என்று பெயர் வந்தபோது, செல் வெளியே கொட்டும் குப்பை என்றே பலர் நினைத்தார்கள். 2007ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா குழுவினர் சீம்பாலிலும் பின்னர் வரும் பாலிலும் இவை இருப்பதைக் காட்டினார்கள். ஆய்வகத்தில் இவை நோயெதிர்ப்பை அடக்கிச் சீராக்கும் டி செல்களைக் கூட்டின. 2010ல் தாய்ப்பாலில் மைக்ரோ ஆர்என்ஏ இருப்பதும் வெளியானது. நம்ம பாஷையில் சொன்னால், உறை போட்டு அனுப்பின டேட்டா பாக்கெட்.

இந்தப் பைகளின் அளவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். எலி வைரஸும் கிட்டத்தட்ட 100 நானோமீட்டர்தான். அதற்கும் சவ்வு உறை உண்டு. 1971ல் பார்த்த துகள்கள் எல்லாம் நுண்பைகள்தான்னு இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் உருவத்தை மட்டும் பார்த்து வைரஸ்னு சொல்வது எவ்வளவு ஆபத்து என்பது புரிகிறது.

எதிர்ப்பக்கமும் அவசரப்படக் கூடாது. குடல் செல்களை இவை வளர்ப்பதாகச் சொல்லும் சோதனைகள் பெரும்பாலும் ஆய்வகத்திலும் விலங்குகளிலும் நடந்தவை. 'எக்ஸோசோம் சேர்த்தது'ன்னு நாளைக்கு ஒரு பவுடர் டப்பா வந்தால் அதை நம்ப இன்னும் ஆதாரம் போதாது. பால் வங்கிகளில் கிருமி போக 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவதில் மைக்ரோ ஆர்என்ஏ பெருமளவு குறைகிறது. ஆனாலும் தாயின் பால் கிடைக்காத குறைமாதக் குழந்தைக்குப் பவுடரை விட அந்தப் பாலே மேல்.

சீம்பாலுக்கு இந்தக் காத்திருப்பெல்லாம் தேவையில்லை. அதன் பாதுகாப்புப் புரதங்கள் பற்றி வெகுகாலமாகவே தெரியும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சேனை வைக்க ஆசைப்படும் பெரியவர்கள் பிள்ளையைக் கையில் வாங்கி வாழ்த்தினாலே போதும். நாக்கில் முதலில் படுவது சீம்பாலாக இருக்கட்டும்.