பிறர் மடலைப் படிக்கும் அதிகாரம்: துபாஷி முதல் செயற்கை நுண்ணறிவு முகவர் வரை

திறவுச்சொற்கள்: முகவர், துபாஷி, சுங்கத் தரகர், மின்னஞ்சல், கடவுச்சொல், டோக்கன், வடசென்னை

முன்னுரை

ஒருவருக்கு வந்த மடலை அவர்பொருட்டு மற்றொருவர் பிரித்துப் படிப்பது வணிக உலகில் பழைய வழக்கம். மின்னஞ்சல் பெட்டிக்குள் நுழைந்து படிக்கவும் சுருக்கவும் விடையெழுதவும் வல்ல செயற்கை நுண்ணறிவு முகவர்கள் இப்போது அவ்விடத்துக்கு வந்துள்ளன. அவற்றைப் பாதுகாப்பாக உள்நுழையச் செய்வது எவ்வாறு என்பது பெரும்பாலும் பொறியியல் சிக்கலாகவே பேசப்படுகிறது. அதனை முகமையின் வரலாற்றோடு, குறிப்பாகச் சென்னைத் துறைமுகத்தைச் சுற்றி வளர்ந்த முகமையோடு, இணைத்துக் காண இக்கட்டுரை முயல்கிறது.

வரம்பற்ற முகமை

இரு மொழி அறிந்தவர் என்னும் பொருளுடைய துபாஷி, ஐரோப்பிய வணிகருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் கணக்கராகவும் விளங்கினார். எதைப் படிக்கலாம், எதைச் செய்யலாகாது என்னும் பிரிவினை அவ்வுறவில் தெளிவாக இல்லை. புதுச்சேரியில் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு (1736–1761) இந்நெருக்கத்தைக் காட்டும். அதன் மறுபக்கம் சென்னையில் வெளிப்பட்டது. ஹாலண்ட் சகோதரர்களின் துபாஷியான அவதானம் பாப்பையா, டேவிட் ஹாலிபர்டன் என்னும் கம்பெனி அதிகாரிக்கு எதிரான சதி வழக்கில் 1792இல் தண்டனை பெற்றார். எம்.கே.பி. நகருக்குத் தெற்கே, சூளையில், ஒரு சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. துபாஷிகளின் செல்வாக்குக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

எழுதித் தந்த அதிகாரம்

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவரின் கையை வரையறுத்தது. தாமே செய்ய ஏற்ற பணியை, வணிக வழக்கமோ முகமையின் இயல்போ இடந்தந்தாலன்றி, முகவர் பிறரிடம் ஒப்படைக்கலாகாது (பிரிவு 190). அதிகாரம் திரும்பப் பெறப்பட்டதை அறியும்வரை முகவரைப் பொறுத்தவரை முகமை முடிவதில்லை (பிரிவு 208). சுங்கத் துறையில் இவ்வரையறை மேலும் இறுகியது. இராஜாஜி சாலைச் சுங்க இல்லத்தில் இறக்குமதியாளர் சார்பில் ஆவணம் தாக்கல் செய்யும் தரகர், 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். 2018ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் அதிகாரக் கடிதம் பெற்று, கேட்கும்போது காட்டவும் வேண்டும்.

கடவுச்சொல்லும் டோக்கனும்

1995 ஆகஸ்ட் 15இல் வி.எஸ்.என்.எல். இணையச் சேவையைப் பொதுமக்களுக்குத் திறந்தது. அக்காலத்து மின்னஞ்சல் முகமை துபாஷிக் காலத்து முகமையை ஒத்தது. ஒரு மென்பொருள் மடலைப் படிக்க வேண்டுமாயின் கடவுச்சொல்லையே அதனிடம் கொடுக்க வேண்டியிருந்தது. படிக்க மட்டும் என்று சொல்லிக் கொடுக்க வழியில்லை. கொடுத்ததைத் திரும்பப் பெறுவதற்கும் கடவுச்சொல்லை மாற்றுவது ஒன்றே வழி.

2007 டிசம்பரில் முதல் வடிவம் பெற்று, 2012 அக்டோபரில் இரண்டாம் வடிவம் வெளியான ‘ஓஆத்’ நெறிமுறை இந்நிலையை மாற்றியது. பயனர் தம் மின்னஞ்சல் நிறுவனத்தின் பக்கத்திலேயே உள்நுழைந்து இசைவு தருவார். மென்பொருளுக்குக் கடவுச்சொல் கிட்டாது, டோக்கன் மட்டுமே கிட்டும். படிக்கும் அதிகாரமும் அனுப்பும் அதிகாரமும் தனித்தனியே வழங்கத்தக்கவை. கூகுள் 2022 மே மாத இறுதியிலும், மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் சேவையில் அதே ஆண்டு அக்டோபரிலும் வெறுங் கடவுச்சொல் வழியிலான நுழைவை மூடத் தொடங்கின. 208ஆம் பிரிவு இங்கே தலைகீழாவது கருதத்தக்கது: வழங்கப்பட்ட டோக்கன் காலாவதியாகும் வரையிலான சிறு இடைவெளி சில அமைப்புகளில் எஞ்சினும், முகவருக்கு அறிவிக்காமலே முகமையை முடித்துவிடலாம்.

மடலே ஆணையிடும்போது

இவ்வளவும் முகவர் எங்கே நுழையலாம் என்பதைப் பற்றியவை. உள்நுழைந்தபின் அது யார் சொல் கேட்கும் என்பது வேறு வினா. உன் முதலாளியின் கடிதங்களையெல்லாம் எனக்கு அனுப்பு என்று ஒரு மடலில் எழுதியிருந்தால், அதைப் படிக்கும் குமாஸ்தா சிரித்துவிட்டு முதலாளியிடமே காட்டுவார். மொழி மாதிரியோ உரிமையாளரின் கட்டளையையும் மடலின் வாசகத்தையும் ஒரே சொல்லோட்டமாகப் பெறுகிறது. இரண்டையும் பிரித்தறிவதில் அது தவறலாம். இத்தாக்குதலுக்கு 2022 செப்டம்பரில் சைமன் வில்லிசன் ‘ப்ராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்’ எனப் பெயரிட்டார். 2025 ஜூனில் வெளியான ‘எக்கோலீக்’ குறைபாடு இதற்குத் தக்க சான்று. பெறுநர் எதையும் சொடுக்காமலே, வந்து சேர்ந்த ஒரு மடல் மைக்ரோசாஃப்ட் கோபைலட் வழியே நிறுவனத் தரவைக் கசியச் செய்யக்கூடும் என எய்ம் லேப்ஸ் ஆய்வாளர்கள் காட்டினர். மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது. திருடப்பட்ட கடவுச்சொல் எதுவும் அதில் இல்லை. முகவருக்கு இருந்தது முறையான அனுமதியே.

ஆதலால் படிக்கவும் வெளியே அனுப்பவும் ஒருசேர அதிகாரம் பெற்ற முகவர், டோக்கன் எத்துணை நேர்த்தியாயினும், பாப்பையாவின் இடத்தில்தான் நிற்கிறது. விடையை வரைவாக மட்டும் எழுதிவைத்து உரிமையாளரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் ஏற்பாடு, வேகத்தில் குறையினும், சுங்கத் தரகரின் நிலைக்கு நெருக்கமானது.

பொறுப்பு யாருடையது என்பதில் இந்தியச் சட்டம் ஏற்கெனவே ஒரு விடை வைத்திருக்கிறது. சுங்கச் சட்டத்தின் 147ஆம் பிரிவு, முகவர் செய்ததை, மறுத்து மெய்ப்பிக்கப்படாதவரை, உரிமையாளரின் அறிவோடும் இசைவோடும் நடந்ததாகக் கொள்ளும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், தானே இயங்குமாறு ஒருவர் சார்பில் நிரல்படுத்தப்பட்ட அமைப்பு அனுப்பும் மின்பதிவை அவர் அனுப்பியதாகவே கருதும் (பிரிவு 11). இட்ட நிரலை மட்டும் நிறைவேற்றும் கணினிகள் இருந்த காலத்து வாசகம் இது. அயலாரின் மடலுக்கு இணங்கி முகவர் அனுப்பிய விடையும் இவ்வாசகத்தின் நேர்ப்பொருளில் உரிமையாளரின் கணக்கிலேயே சேரும்.