இறைச்சி வண்டியில் தொடங்கிய நட்டஈட்டு வரலாறு

வேலைத்தலத்தில் காயமடைந்தவர் நட்டஈடு கேட்பதைக் கண்டு இன்று எவரும் வியப்பதில்லை. ஆயினும், இவ்வுரிமைக்காகத் தொழிலாளர் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

1835ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சார்ள்ஸ் பிறீஸ்ற்லி என்ற இளைஞன், பௌலர் என்ற இறைச்சி வணிகரிடம் வேலை செய்துவந்தான். அளவுக்கு மீறிச் சுமையேற்றிய வண்டி உடைந்ததில் அவனது தொடையெலும்பு முறிந்தது. அவனுக்கு 100 பவுண் வழங்குமாறு யூரிமார் தீர்ப்பளித்தனர். 1837இல் அபிங்கர் பிரபு அத்தீர்ப்பை ஏற்க மறுத்தார். ஆபத்தை அறியும் வேலையாள் அவ்வேலையை மறுத்திருக்கலாம் என்பது அவர் வாதம். பட்டினிக்கு அஞ்சுபவன் எவ்வாறு மறுப்பான் என்பதை அவர் எண்ணவில்லை. சக தொழிலாளியின் தவறால் விளைந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பல்லர் என்ற கோட்பாடு இவ்வழக்கிலிருந்தே வளர்ந்தது. 1948 வரை அது ஆங்கிலச் சட்டத்தில் நிலைத்திருந்தது.

மாற்றுப் பாதையை முதலிற் காட்டியது ஜேர்மனி. சோசலிசவாதிகளின் பக்கம் தொழிலாளர் சாய்வதைத் தடுக்க விரும்பிய பிஸ்மார்க், 1884இல் விபத்துக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதற்கான செலவை முதலாளிமாரே ஏற்றனர். நோக்கம் அரசியலாயினும் பயன் தொழிலாளருக்கே கிடைத்தது.

1897இல் பிரித்தானியாவும் சட்டமியற்றியது. ‘தவறு யாருடையது?’ என்ற கேள்வி பின்தள்ளப்பட்டது. ‘வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தா?’ என்பதே புதிய கேள்வி. வேலை செய்ய முடியாதவருக்கு வாரச் சம்பளத்தின் பாதி, அதுவும் 1 பவுணுக்கு மேற்படாமல் கிடைத்தது. இழப்புக்கு அது முழு ஈடல்ல. எனினும், முதலாளியின் தவறை நிரூபிக்கும் சுமை நீங்கியது.

இந்தியா 1923இலும் இலங்கை 1934இலும் இதே அடிப்படையைப் பின்பற்றின. இலங்கையின் 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையிலுள்ளது. வேலைக்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்துக்களையும் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உள்ளடக்கியது.

ஆயினும் பழைய கேள்வி மறையவில்லை. இயந்திரத்தில் விரலை இழந்தவரிடம், “உன் கவனயீனந்தானே?” என்று கேட்டு, மருந்துச் செலவை மட்டும் கொடுத்து அனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. மதுபோதை, பாதுகாப்பு விதிகளை வேண்டுமென்றே மீறுதல் போன்றவற்றுக்குச் சட்டம் விலக்களிக்கிறது. சாதாரண கவனயீனம் அவற்றுள் அடங்காது. பிறீஸ்ற்லிக்கு மறுக்கப்பட்டதை அறியாமையால் நாமே விட்டுக்கொடுக்கலாகாது. நட்டஈடு முதலாளி இடும் தருமமன்று, தொழிலாளியின் உரிமை.