எல்லைப்புறப் பள்ளியும் ஆங்கிலேயர் பரீட்சையும்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் அணித்தே கொல்லயில் என்னும் சிற்றூர் இருக்கிறது. தமிழ்நாட்டின் களியக்காவிளை அங்கிருந்து வெகு தொலைவன்று. வீட்டிலே தமிழும் கடைத்தெருவிலே மலையாளமும் பேசி வளரும் பிள்ளைகளைக் கொண்ட எல்லைப்புறம் அது. அத்தகைய பிள்ளை பள்ளி இறுதிப் பரீட்சையை எம்மொழியில் எழுதுவது? பிற ராஜ்யங்களில் குடியேறி வாழும் நமக்கும் இக்கேள்வி புதிதன்று. இதன் வேரைத் தேடினால் இங்கிலாந்து வரை செல்லவேண்டியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஆங்கிலச் சிறுவனைச் சோதித்தவர் பெரும்பாலும் அவனுடைய ஆசிரியரே. 1858-ல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் உள்ளூர்ப் பரீட்சைகளைத் தொடங்கின. பூட்டிய பெட்டியில் வினாத்தாள்களை வைத்துக்கொண்டு, பல்கலைக்கழக அங்கியுடன் மேற்பார்வையாளர்கள் ரயிலேறி ஊர் ஊராகச் சென்றனர். மாணவன் முகத்தை அறியாத ஒருவர் அவன் விடைத்தாளைத் திருத்துவது என்னும் முறை இவ்வாறு நிலைபெற்றது. பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் 1865-ல் முறைப்படி இடமளித்தது.

இதே காலத்தில், 1857-ல், லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் மெட்ரிகுலேஷன் பரீட்சை திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள்ளும் புகுந்தது. அரசர் ஆட்சி செய்த நாட்டில் மாணவனின் தகுதியை நிர்ணயித்தது சென்னை!

அதற்கு முன்பும் அங்கே கல்வி இல்லாமலில்லை. மணலில் விரலால் எழுதவும் பின்னர் ஓலையில் எழுதவும் பயிற்றிய ஆசான்மார் இருந்தனர். 1817-ல் ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசு ஏற்கவேண்டுமென ஆணையிட்டார். லண்டன் மிஷன் சங்கத்தார் நாகர்கோவிலிலும் பாறசாலையிலும் பள்ளிகள் நடத்தினர். ஆயினும் மெட்ரிகுலேஷன் வந்தபின் பள்ளி வாழ்வின் நோக்கமே மாறிற்று. பாடம் என்பது பரீட்சைக்கு உரியது என்றாயிற்று. குறிப்புப் புத்தகம் மூலநூலைவிட மதிப்புப் பெற்றது. தாய்மொழி ஒரு பாடமாக மட்டும் ஒதுங்க, பிற பாடங்களை ஆங்கிலமே ஆண்டது. உத்தியோக விண்ணப்பத்தில் ‘மெட்ரிகுலேஷன் தவறியவர்’ என்று எழுதுவதையே ஒரு தகுதியாகக் கருதியவர்களும் உண்டு. நகைக்கத் தோன்றுகிறது, ஆனால் அந்த வகுப்புவரை ஏறியவர்களே அன்று சிலர்தாம்.

இங்கிலாந்திலும் இக்கொடுமை இருந்தது. முதல் உலகப் போரின் முடிவில் அங்கு வந்த பள்ளிச் சான்றிதழ்ப் பரீட்சையில், குறித்த பாடத் தொகுதி முழுவதிலும் தேறினால்தான் சான்றிதழ். இங்கிலாந்து 1951-ல் அதைக் கைவிட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியே தேர்ச்சி வழங்கும் முறைக்கு மாறிற்று. நம் நாட்டிலோ, ஒரு பாடத்தில் தவறினால் அனைத்தும் தவறியதாக எண்ணும் மனப்பான்மை நெடுநாள் நீடித்தது.

1937-ல் திருவிதாங்கூருக்குத் தனிப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. 1956 நவம்பர் 1-ந் தேதி மொழிவழி ராஜ்யங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் உறவினர் இருந்த குடும்பங்களில், மாமன் பிள்ளை ஒரு பரீட்சையும் அத்தை பிள்ளை வேறொரு பரீட்சையும் எழுதலாயினர்.

அவ்வாண்டு அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வசதி செய்துதருமாறு ராஜ்யங்களைப் பணிக்கிறது. ஆனால் அது ஆரம்பக் கல்விக்கு மட்டுமே. பரீட்சையின் சுமை தொடங்குவதோ அதற்குப் பின்னர்! இவ்விடத்தில் கேரளத்தைப் பாராட்டுவதே நேர்மை: அங்குப் பத்தாம் வகுப்பு இறுதிப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். 2017-ல் வந்த சட்டம் மலையாளத்தையும் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கியது. ராஜ்யத்தின் மொழியைக் கற்பது பிள்ளைக்கு நன்மையே. அதற்காகத் தமிழ் வகுப்பு சுருங்குமாயின் அது நன்மையன்று.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு வேறொரு கவலையும் உண்டு. தமிழ் வினாத்தாள் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாகவே அமையும். பாடப்புத்தகத்தில் ஒரு சொல்லும் வினாவில் வேறொரு சொல்லுமாக வந்துவிட்டால், விடை அறிந்த மாணவனும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பான். அவன் இழக்கும் மதிப்பெண்ணுக்குக் காரணம் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை.