கன்றுக்காக அடித்த மணி

கீழ்வேளூரில் மேற்கே பஸ் ஏறினால் திருவாரூர், மனுநீதிச் சோழன் ஊர். கிழக்கே ஏறினால் நாகப்பட்டினம், இன்றைக்கு நாங்கள் மனு கொடுக்கப் போகிற ஆட்சியர் அலுவலகம்.

பெரியபுராணக் கதை எல்லாருக்கும் தெரியும். இளவரசன் தேரில் கன்று அடிபட்டுச் செத்தது, பசு ஆராய்ச்சி மணியை அடித்தது, அரசன் மகனையே தேர்க்காலில் இட்டான். நாம் எப்போதும் அரசனைத்தான் பேசுகிறோம். எனக்கோ புகார்தாரர்தான் முக்கியம். வாயில்லாத குட்டிக்காக அதன் தாய் கொடுத்த புகார் அது. ஆனா மணி ஒலித்தபோது கன்று உயிரோடு இல்லை.

சின்னக் குழந்தைகளுக்கான சேவை பற்றிய புகார்களுக்கும் தாமதம்தான் எதிரி. காது கேளாத குழந்தைக்கு முதல் வருஷத்திலேயே கருவியும் பயிற்சியும் கிடைத்தால் பேச்சு வருகிற அளவுக்கு, ஐந்து வயதில் தொடங்கினால் வருவது கஷ்டம்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது. நம்ம ஊரில் பால்வாடி என்று சொல்கிற அங்கன்வாடி அதன் கீழ்தான் வருகிறது. ஆனால் அது திட்டம். அப்போது கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், கொடுக்காவிட்டால் சட்டப்படி கேட்க வழி குறைவாக இருந்தது.

2001-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கிடங்குகளில் தானியம் குவிந்திருக்க ராஜஸ்தானில் மக்கள் பட்டினி கிடந்ததைப் பற்றிய வழக்கு. அதே வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று வந்த உத்தரவு, ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்றது. மென்பொருள் வேலையில் கெடு இல்லாத டிக்கெட்டை யாரும் தொட மாட்டார்கள். இந்த உத்தரவு அப்படியொரு கெடுவைக் கோரிக்கையோடு கட்டிவிட்டது.

2013-இல் தேசியச் சிறார் நலத் திட்டம் வந்தது. பிறப்பிலிருந்து 18 வயது வரை 30 வகைக் குறைபாடுகளுக்குப் பரிசோதனை, மேற்சிகிச்சைக்கு மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பாதிப்பு வரக்கூடிய குழந்தைகளைக் கண்டறிய எல்லாக் குழந்தைகளையும் வருஷத்துக்கு ஒரு முறையாவது பரிசோதிக்கச் சொல்கிறது. மாநில ஆணையர் பரிந்துரை அனுப்பினால், சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணத்தை ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும்.

அதனால் மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது தேதிகளைத்தான். குழந்தைக்கு இன்று எத்தனை மாதம்? பரிசோதனை எப்போது? "அப்புறம் வாங்க" என்று சொன்ன நாள் எது? பிறகு மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். பசுவின் மணிக்கு ரசீது தேவைப்படவில்லை, நமக்கு வேணும்.