வேகமானி வாசித்த சிறுவன்



தோட்ட வரலாறு என்றாலே பால்மரம், வாளி, லயம், பெரட்டுக் களம் என்றுதான் எழுதுகிறோம். தோட்டத்துப் பட்டறையை எவரும் எழுதுவதில்லை. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றின் பட்டறையில், 1960ஆம் ஆண்டு தம் பதினைந்தாம் வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் என் தந்தையார்.

அத்தோட்டத்துத் துரையிடம் எம்.ஜி. டி.சி. என்னும் ஆங்கிலேய விளையாட்டு மகிழுந்து இருந்தது. 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தின் ஏபிங்டன் நகரில் ஏறத்தாழ 10,000 வண்டிகளே செய்யப்பட்டன. அதில் ஒரு விந்தை உண்டு. இயந்திரச் சுழற்சியைக் காட்டும் மானி ஓட்டுபவருக்கு நேரே இருக்கும். வேகமானியோ இடப்பக்கம் அமர்ந்திருப்பவர் முன்னால் இருக்கும். வேக விரும்பிகளுக்குக் கியர் மாற்றச் சுழற்சிக் கணக்குத்தானே வேண்டும்! ஆயினும் 1935இல் பிரிட்டனின் குடியிருப்புப் பகுதிச் சாலைகளில் மணிக்கு 30 மைல் என்ற வரம்பு வந்துவிட்டது. அதற்காக ஒரு சிறு பச்சை விளக்கைப் பொருத்தினர். 20 மைலில் எரியும். 30ஐத் தாண்டினால் அணையும்.

துரையின் வண்டியில் அந்த விளக்கு எப்போதோ கெட்டுப் போயிருந்தது. ஈப்போவுக்குப் போகும்போது, வழியில் வண்டி நின்றால் பார்ப்பதற்கென்று அப்பாவையும் ஏற்றிக்கொள்வாராம். வேகத்தை வாசித்துச் சொல்வதும் அப்பாவின் வேலையாயிற்று. ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியை விட்டவருக்கு ஆங்கில எண்கள் அப்படித்தான் நாவில் ஏறின.

காந்த வகை வேகமானியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான்காம் ஆண்டு மாணவருக்கும் இது புரியும். ஓட்டோ ஷுல்ட்ஸே என்னும் ஜெர்மானியர் 1902இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கியர்பெட்டியிலிருந்து வரும் கம்பி வடம் சுழன்று, மானிக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தை மூடியபடி ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டலால் கிண்ணமும் காந்தத்தோடு திரும்ப முயலும். மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்தும். இவ்விரண்டின் இழுபறியைத்தான் முள் காட்டுகிறது.

1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் 1960இல்தான். சில ஆண்டுகளில் எங்கள் தோட்டமும் துண்டு துண்டாக விலைபோயிற்று. துரை வண்டியை விற்றுவிட்டுக் கப்பலேறினார். அப்பா ஈப்போவில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். கையில் தொழில் இருந்தது, சான்றிதழ் இல்லை. துரைமார்களின் நினைவுக் குறிப்புகள் நூல்களாக வந்துள்ளன. அவர்கள் வண்டியை ஓடவைத்தவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை.

கடந்த பள்ளி விடுமுறையில், ஈப்போ நண்பர் ஒருவரின் அதே வகை வண்டியில் முள் சில நாள் நடுங்கிப் பின் அசையாது நின்றுவிட்டது. எண்பதை எட்டிவிட்ட அப்பாவை அழைத்துச் சென்றேன். மானியின் பின்புறத் திருகைக் கழற்றி உள்வடத்தை இழுத்தார். பாதிதான் வந்தது; மறுபாதி கியர்பெட்டிப் பக்கமாக வெளிவந்தது. புது வடத்திற்கு நண்பர் தாராளமாகக் கிரீஸ் தடவப் போனார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேல்முனையில் அரைச்சாண் விட்டுடுங்க தம்பி. சுத்தச் சுத்தக் கிரீஸ் மேலே ஏறி மீட்டரைக் கெடுத்துடும்."

இதை எந்த நூலிலிருந்து கற்றீர்கள் என்று நண்பர் கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே, வடம் எங்கும் வெடுக்கென வளையாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்திற்குப் பின் நம் நாடு கிலோமீட்டருக்கு மாறியது. 30 மைல் என்பது 48 கிலோமீட்டர் என்று நானும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். அப்பாவுக்கு இன்றும் கட்டைக் கணக்குத்தான்.

மாலையில் நண்பர் வண்டியை எடுத்தார். அப்பா இடப்பக்கம் ஏறிக்கொண்டார். இரண்டே இருக்கை என்பதால் நான் வாசலிலேயே நின்றேன். திரும்பி வந்ததும் நண்பர் சொன்னார்: பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்ததாம். ஆனாலும் அப்பா வழிநெடுக "ட்வெண்டி, ட்வெண்டி ஃபைவ், தர்ட்டி" என்று வாசித்துக்கொண்டே வந்தாராம்.