செல்போன் அபராதம்: ஒரு ஆயிரம் ரூபாயின் ஹிஸ்டரி

வண்டி ஓட்டிக்கிட்டே செல்போன் பேசினா ஆயிரம் ரூபாய். தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்ல இருந்து இதுதான் ரேட். எங்க ஊர் அலங்காநல்லூர் டீக்கடையில இந்தப் பேச்சு எடுத்தா ரெண்டு கட்சி உண்டு. "ஆயிரமெல்லாம் பத்தாதுய்யா, அஞ்சாயிரம் தீட்டணும்"னு ஒரு கோஷ்டி. "அன்னாடங்காய்ச்சிக்கிட்ட ஆயிரம் ரூவா புடுங்குறது அநியாயம்"னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு கோஷ்டியுமே அந்த ஆயிரம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்குறதில்ல. போன வாரம் சனி ஞாயிறு நான் சட்டத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். (ஆணி புடுங்குற வேலை கம்மியா இருந்துச்சு, அதான்.) தோண்டத் தோண்ட மேட்டர் சுவாரஸ்யமா போச்சு.

நம்ம நாட்டுல மோட்டார் வாகனச் சட்டம் 1914-லயே வந்தாச்சு. அப்புறம் 1939-ல ஒண்ணு, கடைசியா 1988-ல ஒண்ணு. இப்ப நடப்புல இருக்கிறது 1988 சட்டம்தான், 1989 ஜூலை 1-லேருந்து அமல். அதுல 184-ஆம் பிரிவு, ஆபத்தா வண்டி ஓட்டுறதுக்கான தண்டனை. முதல் தடவைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ஆயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம். மூணு வருஷத்துக்குள்ள மறுபடி மாட்டினா ரெண்டு வருஷம் வரை, இல்ல ரெண்டாயிரம் வரை. ஆக, நம்ம கதாநாயகன் ஆயிரம் ரூபாய் பிறந்த இடம் இது. செல்போன்ங்கிற வார்த்தையே அந்தப் பிரிவுல கிடையாது. எப்படி இருக்கும்? அப்ப இந்தியாவுலயே செல்போன் கிடையாதே.

முதல் செல்போன் கால் 1995 ஜூலை 31. கல்கத்தாவுல இருந்து ஜோதிபாசு, டெல்லியில இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோட பேசினார். அப்ப நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரைக்கும் கட்டணம், அதுவும் வர்ற காலுக்கும் சேர்த்து! அந்தக் காலத்துல வண்டி ஓட்டிக்கிட்டே போன் பேசினவன் யாருன்னு நினைச்சுப் பாருங்க. கார் வச்சிருக்கணும், போன் வச்சிருக்கணும், நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய் கட்டவும் தெம்பு இருக்கணும். சுருக்கமா, பணக்காரக் குத்தம். 2003 மே மாசம் இன்கமிங் இலவசம் ஆச்சு, அப்புறம்தான் போன் எங்க ஊர்ப் பக்கம் ஆடு மேய்க்கிறவர் சட்டைப் பைக்கு வந்துச்சு. எட்டு வருஷத்துல ஒரு குத்தம் ஜாதி மாறி, கிளாஸ் மாறி, டிவிஎஸ் எக்ஸல்ல ஏறி உக்காந்துருச்சு. சட்டம் மட்டும் அப்படியே நின்னுச்சு.

இங்க ஒரு தங்கக் கணக்கு போடலாம் (நம்மாளுங்களுக்கு அதுதான் புரியும்). 1988-ல ஒரு சவரன் தங்கம் சுமாரா 2,500 ரூபாய். அதாவது 184-ஆம் பிரிவோட உச்ச அபராதம் ஆயிரம்ங்கிறது அன்னைக்கு முக்கால் சவரன் கூட இல்ல, ஆனா கால் சவரனுக்கு மேல, ஏறக்குறைய 3 கிராம் தங்கம். கல்யாண வீட்டுல மோதிரம் போடுற காசு. 2019 செப்டம்பர்ல சவரன் முப்பதாயிரத்தை ஒட்டி நின்னுச்சு. அதே ஆயிரம் ரூபாய்க்கு கால் கிராமும் சொச்சமும்தான் தேறும். அதனால "மோடி சர்க்கார் ஆயிரம் ரூவா ஆக்கிட்டான்"னு டீக்கடையில புலம்புறது பாதிதான் சரி. தொகை 1988-லயே அங்க இருந்துச்சு. 1988-ல கூரையா இருந்த ஆயிரம், 2019-ல தரை ஆயிடுச்சு. அதுதான் நடந்த மாற்றம். அதையும் விவரமா சொல்லிடறேன்.

அதுக்கு முன்னாடி நம்ம கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் வர்றார். கங்கா மருத்துவமனை எலும்பு முறிவு டாக்டர் எஸ். ராஜசேகரன். தினமும் விபத்துல நொறுங்கி வர்ற எலும்புகளை ஒட்ட வைக்கிறவர், 2012-ல உச்ச நீதிமன்றத்துல பொதுநல வழக்கு போட்டார். அதோட விளைவா 2014 ஏப்ரல்ல நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில சாலைப் பாதுகாப்புக் குழு ஒண்ணு அமைஞ்சது. அந்தக் குழு 2015 ஆகஸ்ட்ல எல்லா மாநிலத்துக்கும் ஒரு உத்தரவு அனுப்புச்சு: அதிவேகம், சிவப்பு சிக்னல் மீறல், அதிக லோடு, சரக்கு வண்டியில ஆள் ஏத்துறது, குடிச்சுட்டு ஓட்டுறது, செல்போன் பேசிக்கிட்டு ஓட்டுறது, இந்த ஆறுக்கும் லைசென்ஸை குறைஞ்சது மூணு மாசம் முடக்கணும். 2017 செப்டம்பர்ல "ஒரிஜினல் லைசென்ஸை கையில வச்சிருக்கணும்"னு தமிழ்நாட்டுல பெரிய ரகளை நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? லைசென்ஸை முடக்கணும்னா ஒரிஜினல் கையில இருந்தாத்தானே பறிக்க முடியும்.

மூணு மாசம் லைசென்ஸ் இல்லைன்னா எனக்கு என்ன நஷ்டம்? ஆபீஸ் கேப் வரும், இல்லாட்டி ஒர்க் ஃப்ரம் ஹோம். எங்க சித்தப்பாவுக்கு? அவர் குட்டியானை ஓட்டுறார். எங்க ஊர்ப் பக்கத் தோப்புல இருந்து தேங்காய் லோடு ஏத்திக்கிட்டு மதுரைக்குப் போவார். மூணு மாசம் லைசென்ஸ் இல்லைன்னா மூணு மாசம் அடுப்பு எரியாது. ஒரே தண்டனைதான், ஆனா விழுற அடி ஒண்ணா?

சித்தப்பா ஒரு தடவை மாட்டினார். லைசென்ஸ் போகலை, ஆயிரம் ரூபாய் மட்டும் போச்சு. அன்னைக்கு டீசல் போக கையில நின்னதே எழுநூறு ரூபாய்தான்.

"ஓரமா நிறுத்திட்டுப் பேசியிருக்கலாம்ல சித்தப்பா"ன்னேன்.

"ஏண்டா, நிறுத்த எங்கடா இடம் இருக்கு? பின்னாடி பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கிறான். மண்டிக்காரன் அஞ்சு தடவை அடிச்சுட்டான். எடுக்கலைன்னா அடுத்த லோடு வேற வண்டிக்குப் போயிரும். அவனுக்கு எவன்டா ஃபைன் போடுறது?"

பேசினது தப்புதான், அதுல எனக்கு சந்தேகமே இல்லை. தேங்காய் லோடோட போற வண்டி பிரேக் புடிச்சா நிக்கிற தூரத்தை யோசிச்சாலே வயித்தைக் கலக்குது. ஆனா அந்தக் கடைசிக் கேள்விக்கு இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட பதில் இல்லை. வண்டி ஓடிக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சே அஞ்சு தடவை கூப்பிடுறவன் எந்தப் பிரிவுலயும் வர மாட்டேங்கிறான். சாப்பாடு டெலிவரி பசங்க கதையும் இதேதான். ஓடுற பைக்கோட ஹேண்டில்ல போனை மாட்டி, அதுல ஆர்டர் தள்ளிவிடுறது எங்க தொழில்காரங்க எழுதுன சாஃப்ட்வேர்தான்.

சரி, சட்டத்துக்குத் திரும்புவோம். 2018 மே மாசம் கேரள உயர் நீதிமன்றம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுச்சு. கேரள போலீஸ் சட்டம் 118(இ) பிரிவு, பொதுமக்களுக்கு ஆபத்து உண்டாக்கினாத்தான் பொருந்தும். வண்டி ஓட்டிக்கிட்டு போன் பேசினதை மட்டும் வச்சு அந்தப் பிரிவுல வழக்கு போட முடியாது, ஆபத்து உண்டாச்சுன்னு காட்டணும் அப்படின்னு தீர்ப்பு. பேப்பர்ல எல்லாம் "போன் பேசிக்கிட்டு ஓட்டலாம்"ங்கிற மாதிரி தலைப்பு வந்துச்சு. தீர்ப்பு சொன்னது அது இல்லை. குத்தம்னா சட்டத்துல எழுதி வை, எழுதாத குத்தத்துக்கு தண்டிக்காதே, அவ்வளவுதான். எனக்கு இந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்த வருஷமே எழுதியும் வச்சுட்டாங்க. 2019 திருத்தச் சட்டம், செப்டம்பர் 1-லேருந்து அமல். ஆபத்தா ஓட்டுறதுன்னா என்னென்னன்னு 184-ஆம் பிரிவுல ஒரு பட்டியல் சேர்ந்துச்சு: சிவப்பு சிக்னல் தாண்டுறது, ஸ்டாப் போர்டை மதிக்காதது, எதிர்த் திசையில ஓட்டுறது இப்படி. அதுல ஒண்ணு, கையில பிடிக்கிற தகவல் தொடர்பு சாதனத்தைப் பயன்படுத்துறது. அபராதம் ஆயிரத்துக்குக் குறையாம, அஞ்சாயிரம் வரைக்கும். மூணு வருஷத்துல ரெண்டாவது தடவைன்னா பத்தாயிரம். இன்னொரு விசேஷம், 200-ஆம் பிரிவுப்படி இந்தப் பட்டியல்லயே போனுக்கு மட்டும்தான் கோர்ட்டுக்குப் போகாம அங்கேயே கட்டித் தீர்க்கிற வசதி. அந்தத் தொகையை மாநில அரசே அரசாணை போட்டு முடிவு பண்ணலாம். உடனே 2019 செப்டம்பர்லயே குஜராத் தன் ஊர்ல முதல் தடவைக்கு 500-ன்னு பாதியாக் குறைச்சுது. தமிழ்நாடு மூணு வருஷம் பேசாம இருந்துட்டு, 2022 அக்டோபர்ல முதல் தடவை 1,000, அடுத்த தடவை 10,000-ன்னு அரசாணை போட்டுச்சு. நம்ம ஆயிரம் ரூபாய் அலங்காநல்லூர் வந்து சேர்ந்த பாதை இதுதான்.

எனக்கு உறுத்துறது தொகை இல்லை, "கையில பிடிக்கிற"ங்கிற வார்த்தை. 1997-லயே டொரண்டோவுல ரெடல்மேயர், டிப்ஷிரானின்னு ரெண்டு பேர் ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க. விபத்துல மாட்டின, செல்போன் வச்சிருந்த 699 பேரோட போன் பில்லை விபத்து நடந்த நேரத்தோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. போன் பேசும்போது விபத்து அபாயம் ஏறக்குறைய நாலு மடங்கு. அதுல முக்கியமான விஷயம், கையில பிடிக்காம பேசினவங்களுக்கும் அபாயம் குறைஞ்ச மாதிரி தெரியலை. கை இல்லைங்க பிரச்சினை, புத்தி. ஆனா புத்தி எங்க போச்சுன்னு போலீஸ்காரருக்கு எப்படித் தெரியும்? கை தெரியும். அதனால சட்டம் கையைப் பிடிச்சுக்கிச்சு. இங்கிலாந்துலயும் 2003 டிசம்பர்ல தடை போட்டப்ப இதே கையைத்தான் பிடிச்சாங்க. அங்க 2019-ல ஒருத்தர், "நான் பேசலை, விபத்தை வீடியோதான் எடுத்தேன்"னு வாதாடி ஜெயிச்சுட்டார். அந்த ஓட்டையை 2022 மார்ச்லதான் அடைச்சாங்க. ஹேண்ட்ஸ்ஃப்ரீ அங்கேயும் ஓகேதான். நம்மூர்ல 2020 அக்டோபர்ல விதியைத் திருத்தி, கவனம் சிதறாத மாதிரி வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம்னு அனுமதியும் கொடுத்தாச்சு.

விளைவு என்ன? எங்க டீம் லீடு கார்ல ப்ளூடூத் போட்டு அரைமணி நேரம் மீட்டிங் பேசிக்கிட்டே வருவார், அபராதம் பூஜ்யம். எங்க சித்தப்பா குட்டியானையில அரை நிமிஷம் பேசினா ஆயிரம். டொரண்டோ கணக்குப்படி ரெண்டு பேரும் ஒரே படகுல போறவங்க. அரைமணி நேரம்னு பார்த்தா யார் பெரிய ஆபத்துன்னு நீங்களே சொல்லுங்க. 1995-ல பணக்காரக் குத்தமா ஆரம்பிச்சது, ப்ளூடூத் வந்த பிறகு ஏழைக்கு மட்டும் குத்தமா ஆயிடுச்சு :-(

"அப்ப அபராதமே வேண்டாமா?"ன்னு கும்மியடிக்க வராதீங்க. 2022-ல மட்டும் இந்தியாவுல செல்போனால 7,558 விபத்து, 3,395 சாவுன்னு மத்திய அரசோட அறிக்கை சொல்லுது. அது கூட குறைச்சலான கணக்குன்னுதான் எனக்குத் தோணுது. ஓட்டினவனே செத்துட்டா, போன் பேசிக்கிட்டுத்தான் வந்தான்னு எஃப்ஐஆர்ல யார் சொல்லி எழுதுறது?

ஃபின்லாந்துக்காரன் வேற வழி வச்சிருக்கான். அங்க வேகமா ஓட்டினா வருமானத்தைப் பார்த்து அபராதம். 2002-ல நோக்கியா கம்பெனி பெரிய தலை அன்சி வான்யோகி, 50 கிலோமீட்டர் வேக எல்லையில 75-ல பைக் ஓட்டினதுக்கு 1,16,000 யூரோ போட்டாங்க! (அப்பீல்ல பெருசாக் குறைஞ்சது, வருமானம் இறங்கிடுச்சுன்னு காட்டினார். உலகத்துக்கே செல்போன் வித்தவர் மாட்டினது வேகத்துக்காக, போனுக்காக இல்லை.) நம்மூர்ல வருமானத்தை வச்சு அபராதம் போட்டா பாதிப் பேர் வருமானமே இல்லைம்பான். அது ஆகுற காரியம் இல்லை.

ஆனா அதே 2019 திருத்தத்துல 210ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு, யாரும் பேசுறதில்லை. மாநில அரசு ஒவ்வொரு அபராதத்தையும் ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் ஒரு எண்ணால பெருக்கிக்கலாம். வண்டி வகைக்கு வகை வேற வேற எண்ணும் வைக்கலாம்! (பக்கத்துலயே 210பி: சட்டத்தை அமல்படுத்துற அதிகாரியே மீறினா இரட்டிப்பு அபராதம்.) வேகத்துக்கான 183-ஆம் பிரிவுல சின்ன வண்டிக்கு ஒரு ரேட், பெரிய வண்டிக்கு ஒரு ரேட்னு ஏற்கெனவே இருக்கு. போனுக்கு மட்டும் டிவிஎஸ் எக்ஸலும் இருபது லட்ச ரூபாய் காரும் ஒண்ணு. எக்ஸலுக்கு ஒண்ணு, குட்டியானைக்கு ஒண்ணு, காருக்கு மூணு, பெரிய எஸ்யூவிக்கு அஞ்சுன்னு பெருக்கினா என்ன கெட்டுப் போச்சு? இதுக்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், கோட்டையில இருந்து ஒரு அரசாணை போதும். ப்ளூடூத்தைப் பிடிக்கிறதுக்குத்தான் டெல்லி வரைக்கும் போகணும்.

உங்க ஊர்ல எவ்வளவு கட்டினீங்க, எந்த வண்டியில கட்டினீங்கன்னு ரெண்டையும் சேர்த்து சொல்லிட்டுப் போங்க மக்களே.